நான் துப்புரவாக்கிய களப்புக்கரை

என் கையில் காட்டுக்கத்தியைக் கொடுக்கக் கூடாது. இதை என் வாயாலேயே ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

யுத்தம் முடிந்து கற்பிட்டிக்கு வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிய காலம். என் நானா, அதாவது மூத்த சகோதரர், மீன்பிடி போட்டையும் எஞ்சினையும் விற்று, களப்புக்கரையில் எங்களுக்கிருந்த துண்டுக் காணியில் வருகிறவர்கள் தங்கக் கிடுகுக் கூரையோடு இரண்டு கபானா கட்டினார். அது ஓடினால் ஊரோடு இருப்பார். ஓடாவிட்டால் கட்டாருக்குப் போக வேண்டும். மதினிக்கு அப்போது ஐந்து மாதம்.

முதலில் வரவிருந்தவர்கள் ஒரு ஜெர்மன் தம்பதி, பத்து நாளைக்கு. கட்டில் விரிப்பை மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு, அவர்களைக் கூட்டிவர நானா விடியவே வேனில் போனார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் வளவில் ஒரு புல்லும் நிற்கக் கூடாது. செதுக்கி, கூட்டி, வெள்ளை மணல் பரப்பினால்தான் வருகிறவருக்கு மரியாதை. விரிப்பை மாற்றிவிட்டு வெளியே பார்த்தேன். வாசலுக்கு நேரே களப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரப் பற்றை, சேற்றுக்குள் வேரும் கொக்கு எச்சமும் நண்டு வளையுமாக. இந்தக் கண்றாவியை வெள்ளைக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மானம் போனது. மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்போது ஒரு குச்சி மிச்சமில்லை. (அப்படியொரு உழைப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் யாருக்கும் காட்டியதில்லை.)

பின்னேரம் வேன் வந்தது. அந்தப் பெண் இறங்கி வாசலைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். அதில் நானா இணையத்தில் போட்ட படம்: கண்டல் நிழலும், கொப்பெல்லாம் கொக்கும். கடற்கரை எந்த நாட்டிலும் கிடைக்குமாம். வாசலில் இருந்தபடியே பறவை பார்க்கலாம் என்றுதான் இலங்கை முழுக்கத் தேடி எங்கள் கபானாவைப் பிடித்தார்களாம். இப்போது வாசலில் இருந்து தெரிந்தது சேறும் பக்கத்தில் கருவாடு காயப்போடும் வாடியும்தான்.

"எல்லாத்தையும் வெட்டிட்டியா?" என்று நானா கேட்டார்.

"ஓம் நானா, வேரோட," என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

இளநீர் குடித்து, நன்றி சொல்லி, அதே வேனில் போய்விட்டார்கள். அவர்கள் இணையத்தில் எழுதிய நாலு வரிக்குப் பிறகு வேறு யாரும் வரவில்லை. நானா என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் இவ்வளவு காலம் வலித்திருக்காது. மூன்றாம் மாதம் கட்டாருக்குப் போனார். மகள் பிறந்து அழுத சத்தத்தைப் போனில்தான் கேட்டார்.

வருடா வருடம் நான் அந்தச் சேற்றில் கண்டல் காய் குத்தி நடுகிறேன். பாதியைத் தண்ணீர் கொண்டுபோகிறது, மீதியின் துளிரைக் கழுதை மேய்கிறது.

வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் மதினி எல்லோருக்கும் முன்னால், "தம்பி வாரார், மரத்தையெல்லாம் உள்ளுக்கு எடுத்து வைங்க," என்பார். சபையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். கட்டாரிலிருந்து போனில் நானா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார். சிரித்து முடித்துப் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார்.

"கண்டல் இப்ப எவ்வளவு உசரம்டா?"

"இடுப்புக்கு மேல வந்திட்டு, நானா," என்பேன். அது இன்னும் என் முழங்காலைக்கூடத் தாண்டவில்லை.