கைக்கு அடியில் பேசியவள்

ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருக்கும். இருபத்து மூன்று வயதில் எனக்கு என் உள்ளங்கை மேல் இருந்தது. அது எப்படிப் போனது என்று என் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் அதில் சேர்மானம் கூடிக்கொண்டே போகிறது. சம்பந்தப்பட்டவள் என்ற முறையில் நானே ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். (ஒழுங்காக என்றால், கொஞ்சம் எனக்குச் சாதகமாக.)

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஒன்பது மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய ராஜ்ஜியம் ஆரம்பம். மேஜையில் ஒரு கறுப்பு போன். அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டு "குட் மார்னிங்" என்று நான் சொல்லும் அழகுக்காகவே சிலர் போன் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (யாரும் அப்படிச் செய்யவில்லை. விசாரித்துவிட்டேன்.)

அந்த வேலைக்கு முக்கியத் தகுதி குரல் இல்லை, உள்ளங்கை. "மேனேஜர் இருக்காரா?" என்று யாராவது கேட்டால், ரிசீவரின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து, "சார், இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். ஜி.கே. சார் தலையைத் தூக்காமலேயே "இல்ல" என்பார். கையை எடுத்துவிட்டு, "சார் வெளிய போயிருக்காருங்க" என்று சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வாரம் விரலிடுக்கு வழியாக அந்த "இல்ல" வெளியே போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று வருஷத்தில் என் கையைத் தாண்டி ஒரு மூச்சுக்காற்றுகூடப் போனதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் புதுப் போன் வந்தது. டிஜிட்டல் என்றார்கள். சிமெண்ட் நிறத்தில், தட்டையாக, இருபத்து நான்கு பட்டன்களோடு இருந்தது. பட்டனுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். கிண்டியிலிருந்து வந்த இன்ஜினியர் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். நான் ஐந்து நிமிஷத்திலேயே தொலைந்துபோய், மீதி நேரம் தலையாட்டினேன். கடைசியில் அவர் ஒரு பட்டனைக் காட்டி, "இது மியூட். இனிமே கையால பொத்த வேண்டாம். இத அமுத்துனா நீங்க பேசறது அங்க கேக்காது" என்றார்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அமுத்தினால் கேட்காது என்பதற்கு என்ன சாட்சி? கை என்றால் நம் கை. ஒரு பிளாஸ்டிக் பொத்தானை நம்பி யாராவது வாயை விடுவார்களா?

முதல் வாரம் நான் பட்ட பாட்டை விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஜி.கே. சாரின் மனைவி பேசிய லைனை அவருக்குத் தருவதாக நினைத்து கேன்டீனுக்குத் தந்தேன். "இன்னிக்கு லெமன் சாதம் மட்டுந்தாங்க" என்று பதில் கிடைத்து, அந்த அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பட்டன்களின் கீழே பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, பேனாவால் 'சார்', 'ஸ்டோர்ஸ்', 'கேன்டீன்', 'தொடாதே' என்று எழுதிவைத்தேன். 'தொடாதே' மட்டும் ஏழு இருந்தன.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் மூன்று வரன்கள் வந்து திரும்பிப் போயிருந்தன. மூன்று பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய விட்டுடும் இல்ல?" மூன்று தடவையும் நான் "மாட்டேன்" என்றேன். மூன்றாவது வரன் போன அன்று அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

நான்காவது வரன் பூந்தமல்லி. பையன் பேர் லாரன்ஸ், ஃபிட்டர் வேலை. அப்பா இல்லை, அம்மா சூசையம்மா மட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பார்த்துக்கொண்டோம். "பொண்ணோட நான் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று அந்த அம்மா கேட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் போன் கிடையாது, என் ஆபீஸ் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம்.

அன்று அப்பா என்னிடம், "பிலோ, இந்த ஒரு தடவ மட்டும். வேலைய விடுவியான்னு கேட்டா, 'சரி'ன்னு சொல்லிடும்மா. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

போன் புதன்கிழமை மதியம் வந்தது. சாப்பாட்டு நேரம். ஜி.கே. சார் வெளியே போயிருந்தார். நிஜமாகவே போயிருந்தார். ஆபீசில் நானும் டைப்பிஸ்ட் விஜயாவும்தான்.

"அலோ, பூந்தமல்லிலேர்ந்து சூசையம்மா பேசறேன். லாரன்ஸோட அம்மா. பிலோமினான்ற பொண்ணு அங்க கீதா?"

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். "நான்தான் பேசறேன் ஆன்ட்டி. ஸ்தோத்திரம் ஆன்ட்டி." அதற்கு முன் என் வாழ்நாளில் யாரையும் நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டதில்லை. குரலில் அவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை.

விஜயா டிபன் பாக்ஸோடு ஓடிவந்து, "எனக்கும் கேக்கணும்டி, ஸ்பீக்கர போடு" என்று சைகை காட்டினாள். ஸ்பீக்கர் பட்டன் எது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் நான் கற்றுக்கொண்ட ஒரே பட்டன் அதுதான். அமுத்தினேன். விளக்கு எரிந்தது, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டின் ஹார்ன் சத்தமெல்லாம் எங்கள் மேஜை மேல் வந்து விழுந்தது. ரிசீவரை மட்டும் கீழே வைக்கவில்லை. போன் பேசும்போது கையில் ரிசீவர் இல்லாமல் எப்படி?

"எஸ்டிடி பூத்லேர்ந்து பேசறேன். சுருக்க கேட்டுர்றேன். சமையல்லாம் வருமாம்மா?"

வாயைப் பொத்தினேன். "விஜி, என்னடி சொல்றது? எனக்கு ரசம் மட்டுந்தான் தெரியும். அதையும் எங்கப்பா, 'சுடுதண்ணில புளி விழுந்துடுச்சா'ன்னு கேப்பாரு."

"எல்லாம் தெரியும்னு சொல்லு. மெதுவா பேசுடி, கேட்டுடப் போவுது."

"நல்லா பொத்தியிருக்கேன், கேக்காது." கையை எடுத்தேன். "எல்லாமே செய்வேன் ஆன்ட்டி. அம்மா கத்துக்குடுத்திருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு இருமல். "ரசம் வெப்பியா?"

"ரசம் ரொம்ப நல்லா வெப்பேன் ஆன்ட்டி."

மறுபடி பொத்திக்கொண்டு, "ரசம்னா உசுரு போலிருக்கு, நம்ம நேரம்" என்றேன். விஜயா சாப்பாடு புரையேறித் தலையில் தட்டிக்கொண்டாள்.

"எம்புள்ளைய கோயில்ல பாத்தியே. புட்ச்சிதா?"

பொத்தினேன். "ஆளு நல்லாதான் இருக்காரு. சிரிச்சா இன்னும் நல்லா இருக்காரு. ஆனா அந்த மீசை, விஜி. பாத்திரம் தேய்க்கற பிரஷ்ஷு மாதிரி. அத மட்டும் எடுத்துட்டா தேவல." கையை எடுத்தேன். "பெரியவங்க பாத்து முடிவு பண்ணா சரிங்க ஆன்ட்டி."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' கொஞ்சம் நீளமாக இருந்தது. "கடசியா ஒன்னு கேக்கறேன். கல்யாணத்துக்கு அப்பால வேலைக்குப் போவியா, ஊட்ல இருப்பியா?"

பொத்தினேன். இந்த முறை விஜயாவிடம் யோசனை கேட்பதற்காக இல்லை. கை தானாகப் போய்ப் பொத்திக்கொண்டது.

"அப்பாகிட்ட சத்தியம் மாதிரி சொல்லிட்டு வந்திருக்கேன், விஜி. விட்டுடறேன்னு சொல்லணும். ஆனா எனக்கு விட மனசில்லடி. காலைல ரயில்ல வந்து இந்தச் சேர்ல உக்கார்றப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு. இந்தப் பாழாப்போன போன்கூட இன்னும் கத்துக்கல, அதுக்குள்ள எப்படிடி விடறது? ஆனா இதுவும் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை எடுத்தேன். சர்க்கரை எல்லாம் போட்டு, "உங்க இஷ்டம் எப்படியோ அப்படியே ஆன்ட்டி. வேலைய விட்டுடறேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் யாரோ ஆவடி, ஆவடி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அது அடங்கியதும் சூசையம்மா கேட்டார்.

"கைய எட்த்துட்டியாம்மா?"

"எந்தக் கை ஆன்ட்டி?"

"அதான், போன் மேல வெச்சிகினு கீறியே. நல்லா பொத்திகினு கீறேன், கேக்காதுன்னு அந்தப் பொண்ணாண்ட சொன்னியே."

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதை விஜயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனைக் கட் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. 'தொடாதே' என்று எழுதிய ஏழையும் வரிசையாகத் தொட்டேன். அதில் ஒன்று ஹோல்ட். கீச்சுக்குரலில் ஒரு ஆங்கிலப் பாட்டு ஆரம்பித்தது. வருங்கால மாமியார் பூத்துக்குள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க, நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. நான் எழுந்து பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது.

விஜயா போனோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தாள். போனின் அடித்தட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருக்கிறதாம், ஸ்பீக்கர் விளக்கு எரிந்தால் அதுதான் காது. ரிசீவர் அந்த நேரத்தில் வெறும் பிளாஸ்டிக் கட்டை. நான் அந்தக் கட்டையின் வாயை உயிரைக் கொடுத்துப் பொத்திக்கொண்டு, ஓட்டைக்கு நேராகக் குனிந்து என் மனசை எல்லாம் கொட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "போன் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்பா" என்றேன். அது உண்மைதானே. அப்பா அன்று இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் ஆபீசில் மணி அடிக்கும்போதெல்லாம், வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தே எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சூசையம்மாவும் லாரன்ஸும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிற குணம் போலிருக்கிறது என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இடுக்கு வழியாகப் பார்த்தால், லாரன்ஸுக்கு மீசை இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, வெயில் படாத மாதிரி இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாத்துக்கு ஒளிஞ்சிகினு கீறே? வெளிய வா" என்றார் சூசையம்மா. வந்தேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்தே, அன்னிக்கு போன்ல ரெண்டு பொண்ணுங்க பேசிச்சிங்க. மேல பேசினது ஆன்ட்டி ஆன்ட்டின்னு கொஞ்சிச்சி. அது எனக்கு வாணாம். கைக்கு அடில பேசிச்சே ஒன்னு, அதக் குடுங்க."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த இரண்டு பெண்கள் என்று அம்மாவைப் பார்த்தார்.

சூசையம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "நான் பாடி பக்கம் ஒரு கம்பெனில பேக்கிங்ல பதினெட்டு வர்சம் வேல செஞ்சவ. வேலைய உடுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? போவியா, இருப்பியான்னுதான கேட்டேன். நீ போவேன்னு சொல்லுவியான்னு பாத்தா, அழுதுகினே உட்டுர்றேன்றே." பிறகு, "ஆனா நீ போட்டியே பாட்டு, அது நல்லாதான் இருந்திச்சி. பூத்துக்காரன் வந்து கதவத் தட்ற வரைக்கும் கேட்டேன்" என்றார்.

அப்போதுதான் அப்பா சிரித்தார். பாதிதான் புரிந்திருக்கும், ஆனால் வரன் போகவில்லை என்று புரிந்துவிட்டது. நான் அழுதேன். லாரன்ஸ் மீசை இருந்த இடத்தை மறுபடி தடவிக்கொண்டார்.

பிறகு அந்தப் போனின் இருபத்து நான்கு பட்டன்களையும் கற்றுக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தேன், பிளாஸ்திரி ஒட்டாமல். எங்கள் வீட்டில் மட்டும் பொத்துவது போகவே இல்லை. நான் எதையாவது பூசி மெழுகினால் சூசையம்மா அத்தை, "கைய வெச்சிகினு சொல்லு" என்பார். நான் வாய்மேல் கையை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவேன். பரீட்சை மார்க்கைக் கேட்டால் என் பிள்ளைகளும் முதலில் கையைத்தான் தூக்குவார்கள்.

ரசம் விஷயத்தில் மட்டும் அத்தை இரங்கவே இல்லை. இத்தனை வருஷமாக, முதல் வாய் குடித்ததும் ஒரே வார்த்தைதான்: "சுடுதண்ணில புளி உழுந்துட்ச்சி போல."

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வாரம் நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடுங்கும் கையைத் தூக்கி வாயை இறுகப் பொத்திக்கொண்டு அவனிடம் சொன்னார்: "உங்கம்மா ரசம் மாதிரி எவளும் வெக்க மாட்டாடா, நைனா."

கையை எடுத்தார். "பிலோ, இன்னாம்மா இது, சுடுதண்ணில புளி உழுந்துட்ச்சா?"

"அடுத்த தடவ சரி பண்ணிடறேன் அத்தை" என்றேன். முன்னால் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் நன்றாகத்தான் பொத்தியிருந்தார்.