ரயில் மாறும் ஊரில் நான் சாப்பிட்ட கல்யாணம்

கூச்சக்காரர்கள் வம்புக்குப் போகமாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. போகமாட்டோம்தான். ஆனால் வம்பே வந்து கையைப் பிடித்து இழுத்தால், "வேண்டாங்க" என்று சொல்வதற்கும் எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மாட்டிக்கொள்கிறோம்.

நான் ரங்கூனில் அலோன் பகுதி ஆற்றங்கரையோரம் ஒரு கிட்டங்கியில், அதாவது அரிசிக் கிடங்கில், காவலாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. பகல் முழுக்க அரிசி மூட்டைகளோடு இருப்பேன். மூட்டைகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலையில் இத்தனை காலம் நிம்மதியாக ஓடிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் தின்கன்ஜூனில் எங்கள் தெருவில்கூட நான் பேசிக் கேட்டவர்கள் குறைவு. (என் மனைவி பேசுவதைக் கேட்காதவர்கள் இன்னும் குறைவு.)

என் தங்கை செல்வி மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவள். சில வருடங்களுக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை பெண்ணுக்கு நலங்கு வைப்பார்கள். தாய்மாமன் வந்து முதல் கை வைக்க வேண்டும். செல்வி போனில் அழுதுவிட்டாள்.

"அண்ணே, இங்க என் மாமியா வீட்ல என்ன சொல்றாங்க தெரியுமா? உன் பக்கத்துல ஆளே இல்லியா, நீ மழையில முளைச்ச காளானாங்கிறாங்க. நீ மட்டும் வரலேன்னா நான் தலை தூக்க முடியாது."

"வந்துருவேன்" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

விமானத்தில் கோலாலம்பூர் வந்து இறங்கி, மறுநாள் காலை நானும் மனைவியும் ரயில் ஏறினோம். மனைவி பெயர் மா தின். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். தமிழில் சமைப்பாள், பர்மா பாஷையில் திட்டுவாள். வழியில் ஒரு சின்ன ஊரில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே சில பேர் இன்னும் என்னை மதிப்போடு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன்.

அடுத்த ரயிலுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. மா தின் பெட்டிகள்மேல் காலை நீட்டிவிட்டாள். தாய்மாமன் சீராக நாங்கள் கொண்டுவந்த அமரபுரப் பட்டு அதில் ஒரு பெட்டியில்தான் இருந்தது.

"ஒரு சுத்து நடந்துட்டு வர்றேன்" என்றேன்.

"கோ மணி, டிக்கெட்டு உங்க பையில இருக்கு. தொலைஞ்சு போகாதீங்க." (மணி நான்தான். 'கோ' என்பது பர்மா மரியாதை.)

"இந்த ஊருல தொலையறதுக்கு இடம் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு. அதற்கு வேண்டிய பலன் கிடைத்தது.

ஊர் என்றால் ஒரு பெரிய தெரு, அதைக் குறுக்கே வெட்டும் சில சந்துகள். இரண்டு பக்கமும் பழைய மாடிக் கடைகள். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை, வெயிலே படாமல் நடக்கலாம். ஒரு சீனரின் இரும்புக் கடையில் வாளிகள் தொங்கின. ஒரு முடிதிருத்தும் கடையில் முடிதிருத்துபவர் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மருந்துக் கடைக்காரர் என் லோஞ்சிக் கைலியையும் வெல்வெட் செருப்பையும் மேலும் கீழும் பார்த்தார். நான் வேகமாகக் கடந்தேன்.

எனக்குப் பசி. தேநீர்க் கடைகள் மூன்று இருந்தன. முதல் கடையில் எல்லோரும் மலாய் பேசினார்கள். இரண்டாவதில் சீனம். மூன்றாவதில் தமிழே பேசினார்கள், ஆனால் உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் "ஒரு டீ" என்று உரக்கச் சொல்ல வேண்டுமே! வாசலில் நின்று, யாருக்காகவோ காத்திருப்பதுபோல் மணி பார்த்துவிட்டுத் திரும்பினேன். (கையில் கடிகாரம் இல்லை. வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன்.)

அப்போதுதான் ஒரு சந்தில் பந்தல் தெரிந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், வரிசையாக மேசைகள், வாழை இலை. வாசலில் பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருவர் என்மேல் பன்னீர் தெளித்து, "வாங்க, வாங்க! பசியாறிட்டுப் போங்க" என்றார்.

இங்கே ரங்கூன் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டால் அது அலூ, அதாவது தானம். நடுரோட்டில் நின்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுவார்கள். பஸ்ஸைக்கூட நிறுத்துவார்கள். யார் நீ என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கூப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மாட்டேன் என்றால் அவர்களுக்குச் சேர வேண்டிய புண்ணியத்தைப் பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம். சாப்பிட்டு முடித்ததும் பேசாமல் எழுந்து போய்விடலாம். கூச்சக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்து கிடையாது.

அதனால் ஒரு மூலை இலையில் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது. கத்திரிக்காய் அதைவிட நன்றாக இருந்தது. வடையை வாயில் போட்டபோது, தோளில் துண்டோடு பந்தியை மேற்பார்த்து வந்த ஒருவர் என் எதிரில் நின்றார்.

"ஐயா எந்தப் பக்கம்? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. சாப்பாடு பெண் வீட்டுச் செலவாகத்தான் இருக்கும், அவர்கள் பெயரைச் சொல்வதுதான் மரியாதை என்று வடையை மென்றபடி யோசித்தேன்.

"பொண்ணு வீடுங்க."

"நான்தான் பொண்ணோட அப்பா" என்றார் அவர்.

வடை பாதி வழியில் நின்றது.

"எங்கேருந்து வர்றீங்க?"

"ரங்கூனு."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சந்தை கலையும் நேரத்தில் பெரிய மீன் கிடைத்தவர்போல அவர் முகம் விரிந்தது.

"ரங்கூனா! என்ன செய்றீங்க அங்க?"

"கிட்டங்கியில இருக்கேன்."

"சாந்தி! ஏ சாந்தி! இங்க ஓடியா! நம்ம பெரிய தாத்தா வழியில ரங்கூன்லேர்ந்து ஆள் வந்துருக்காங்க!"

பெண்ணின் அப்பா பெயர் மாணிக்கம், சாந்தி அவர் மனைவி என்று பிறகு தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்தார். கழுவாத எச்சில் கை, அதையே பிடித்து இழுத்துக்கொண்டு மணமேடைக்குப் போனார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் மாலை போட்டார். மாலை போட்ட பிறகு இல்லை என்று சொல்வது எப்படி?

மேடை அருகில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோட்டுப் போட்ட பெரியவர்.

"சம்பந்தி, உங்க பக்கத்துல லண்டன் மாமா வந்தாருல்ல? எங்க பக்கத்துல இவரு. பர்மாவுல பெரிய கிட்டங்கி வச்சிருக்காரு."

லண்டன் மாமா என்னிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார். நான் யோசனையோடு தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். ரொம்ப ஆழமான மனிதர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னார். (பேசாதவனைப் பற்றி மற்றவர்கள் எப்போதும் கொஞ்சம் நல்லபடியாகவே நினைக்கிறார்கள்.)

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் பிடிபட்ட திருடனைப்போல் இருக்கிறேன். பிறகு மாணிக்கம் என் கையில் மைக்கைத் திணித்தார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க மாமா."

நான் மாமா ஆகிவிட்டேன். பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. நாதஸ்வரத்தையும் நிறுத்திவிட்டார்கள். என் மூச்சு ஒலிபெருக்கியில் புயல்போல் கேட்டது. தமிழ், பர்மா, எல்லாம் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது. மைக்கில் மனிதர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். நான் வாழ்நாளெல்லாம் மைக்கில் கேட்டது ஒன்றுதான். அலூ முடிந்ததும், இந்தப் புண்ணியத்தில் எல்லோரும் பங்கெடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஊரில் மூன்று தடவை கூவுவார்கள்.

கூவினேன்.

"அமியா! அமியா! அமியா!"

லண்டன் மாமா கண்ணாடியைக் கழற்றினார். கைக்குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

அப்போது பந்தல் வாசலிலிருந்து ஒரே ஒரு குரல், கோவில் மணிபோல் கணீரென்று பதில் சொன்னது.

"தாது! தாது! தாது!"

மா தின். இரண்டு கைகளிலும் பெட்டி. 'அமியா' கேட்டால் 'தாது', அதாவது 'நல்லது', என்று சொல்லியே பழகிய வாய் அது, அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்பது யார் என்று பார்த்தாள்.

பந்தல் கைதட்டியது. இது பர்மா முறை ஆசீர்வாதம், கணவன் ஒரு பாதி மனைவி ஒரு பாதி சொல்வது என்று மாணிக்கம் மைக்கில் விளக்கினார். அவருடைய கற்பனைக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன்.

மா தின் மேடைப் பக்கம் வந்து பர்மா பாஷையில் ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத முடியாது. சுருக்கம் இதுதான். நேரம் போவதைப் பார்த்து, என்னைத் தேடித் தெருத்தெருவாகப் பெட்டியை இழுத்து வந்திருக்கிறாள். லோஞ்சி கட்டிக் காட்டுவதுபோல் சைகை செய்தபோது மருந்துக் கடைக்காரர் பந்தல் போட்ட சந்துப் பக்கம் கை காட்டியிருக்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஊதியது. ஊதிவிட்டுப் போயும்விட்டது. அன்றைக்கு அந்தப் பக்கம் அதற்குப் பிறகு வேறு ரயில் கிடையாது.

அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"செல்வி நம்பிக்கிட்டிருக்கா" என்றாள் தமிழில். "மாமன் வரல்லேன்னா அந்தப் பொண்ணுக்கு யாரு நலங்கு வைப்பா? அந்த மாமியா வாய்க்கு செல்வி என்ன பதில் சொல்லுவா?"

மாணிக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தன மணிக்கு நலங்கு?"

"ஆறு மணிக்கு."

"எந்த ஊரு?"

சொன்னாள்.

"மூணு மணி நேரம். காரு போனா போயிரலாம்." அவர் திரும்பிக் கத்தினார். "டேய் சேகர்! பொண்ணு மாப்பிள்ளை காரை எடு!"

டிரைவர் சேகர் தயங்கினான். "அண்ணே, பொண்ணு மாப்பிள்ளை எதுல வீட்டுக்குப் போவாங்க?"

"வீடு அடுத்த சந்துலதானே லா. நடந்து போகட்டும். காலு இருக்குல்ல?"

"பூவெல்லாம் கழட்டிறவா?"

"கழட்டிக்கிட்டு நின்னா நலங்கு முடிஞ்சிரும். அப்படியே போ."

காரின் முன்னால் ரோஜாவில் செய்த பெரிய இதயம். கூரையில் ரிப்பன்கள். பின் கண்ணாடியில் மணமக்கள் பெயர்கள் தங்க எழுத்தில். அதற்குள் நாங்கள் ஏறினோம். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கி, வராத குரலை வரவழைத்துச் சொன்னேன்.

"ஐயா, நான் உங்க சொந்தம் இல்லீங்க."

மாணிக்கம் குனிந்து காதருகில் வந்தார்.

"தெரியும். எங்க பெரிய தாத்தா இந்த ஊரைத் தாண்டிப் போனதே கெடையாது."

"பின்ன ஏன்..."

"மூணு மாசமா அந்த லண்டன் மாமா பெருமையைக் கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க பக்கத்துல வெளிநாட்டு ஆளுங்க யாரும் வரலியான்னு ஒவ்வொருத்தனும் கேக்கிறான். சாமியாப் பார்த்து உங்களை இலையில ஒக்கார வச்சிச்சு. நல்லாப் பேசுனீங்க மாமா."

கார் கிளம்பியது.

வழியெல்லாம் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, எங்கள் நரையைக் கவனித்து, ஒரு கணம் தயங்கி, பிறகு மனமார வாழ்த்தினார். மா தின் நன்றியோடு தலையை அசைத்தாள். அந்தப் பக்கம் திரும்பியதும் என் தொடையைக் கிள்ளினாள். நான் மாலையைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்" என்றாள். அது தண்டனையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

செல்வி வீட்டுத் தெருவில் கார் நுழைந்தபோது மணி ஆறாகச் சில நிமிடங்கள் இருந்தன. பூ வைத்த காரைக் கண்டதும் உறுமி மேளக்காரர்கள் கடமை தவறாமல் அடிக்கத் தொடங்கினார்கள். "மாப்பிள்ளை இன்னிக்கே வந்துட்டாரு!" என்று யாரோ ஓடினார்கள். செல்வியின் மாமியார் ஆரத்தித் தட்டோடு பதறி வந்தார். கார்க் கதவு திறந்தது. மாலை போட்ட நானும், பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மா தின்னும் இறங்கினோம்.

செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"அண்ணே?" என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் மாமியார் பக்கம் திரும்பி, "எங்கண்ணன்! பாத்துக்குங்க!" என்றாள். மாமியார் வேறு வழியில்லாமல் எங்களுக்கே ஆரத்தி எடுத்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பெண்ணின் கன்னத்தில் முதல் சந்தனத்தை வைத்தேன்.

கதை ரங்கூனுக்கு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. காரிலிருந்து நாங்கள் இறங்கும் படத்தைச் செல்வி எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியில் மலேசியாவிலிருந்து எங்களுக்குக் கல்யாண நாள் வாழ்த்து வருகிறது, மாணிக்கம் வீட்டிலிருந்தும் சேர்த்து. எங்கள் உண்மையான கல்யாண நாள் ஒருவருக்கும் நினைவில்லை. தின்கன்ஜூன் தெருவில் யாராவது, "மா தின், ஒங்க வீட்டுக்காரருக்கு மலேசியாவுல ரெண்டாவது கல்யாணம் ஆயிருச்சாமே?" என்று கேட்டால், அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமலே பதில் சொல்வாள்.

"ஆச்சு, ஆச்சு. மாப்பிள்ள அதே பழைய ஆளுதான். வண்டி மட்டும் நல்ல வண்டி."