வலம் சுற்றிய ட்ரோன்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிறவனைவிடப் பெரிய பக்தன் உலகத்தில் இல்லை. மற்றவர்கள் கடவுளோடு சேர்த்து வேறு எதையாவது நம்பியிருப்பார்கள். அவன் கடவுளை மட்டும் நம்பித்தான் கழற்றுகிறான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர் முரசுமோட்டையில் ஒரு வயற்கரையில், இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்ற ஒரு வெள்ளிக்கிழமை காலையில் படித்த பாடம் இது.

நான் வயல் செய்கிறவன். விதைப்பும் வெட்டும் இல்லாத நாட்களில் ஊரிலுள்ள தண்ணீர்ப் பம்பிகளுக்கு வைத்தியம் பார்ப்பேன். படித்தது ஓ.எல் பரீட்சை வரைக்கும். (அதிலும் கணிதம் என்னை ஒருதரம் திருப்பி அனுப்பியது.) ஒரு தேவாரமாவது பாடாமல் காலைத் தேத்தண்ணீர் என் தொண்டையில் இறங்காது. புதுச் சைக்கிள் வாங்கினாலும் பிள்ளையாரை ஒருதரம் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

கஜன் என் மனைவி வதனியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, எங்களோடுதான் வளர்ந்தான். படித்து முடித்து இரண்டு வருடமாக வேலை இல்லை. கட்டாருக்குப் போகப்போகிறேன் என்று பாஸ்போட்டும் எடுத்துவிட்டான். வதனி அந்தப் பாஸ்போட்டை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டாள். "இஞ்ச ஒரு வேலை கிடைக்காட்டிப் பாப்பம்" என்பதுதான் அவள் தம்பிக்குச் சொன்ன ஒரே பதில். இரவில் எனக்குச் சொன்னது வேறு. "இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனும் போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

அப்போதுதான் ஜெயா அண்ணை வந்தார். கிளிநொச்சி நகரத்தில், ட்ரோனால் வயலுக்கு மருந்து அடித்துக் கொடுக்கும் தொழில் அவருக்கு. ஒரு பெடியன் தேவை என்றார். ஆனால் சும்மா எடுக்க மாட்டார்.

"மருந்தடிக்கிற பெரிய ட்ரோன் தானாப் பறக்கும். அதைப் பறக்கவிட மாடு மேய்க்கிறவனே போதும். எனக்கு வேண்டியது உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு தெரிஞ்சவன். பந்தய ட்ரோன் ஒண்டை நீயே பூட்டி, நீயே பறக்கவிட்டுக் காட்டு. சரியெண்டா திங்கக்கிழமையே வேலை. பறக்கவிடுற அனுமதியெல்லாம் என்ர பாடு."

சுவிஸில் இருக்கிற சித்தப்பாவிடம் கஜன் கேட்டான். ஒரு மாதத்தில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே காபன் ஃபைபர் சட்டம் துண்டு துண்டாக, நான்கு குட்டி மோட்டார், கமரா, தலையில் மாட்டுகிற கண்ணாடி இரண்டு, கடுகு போன்ற திருகாணிகள். பந்தய ட்ரோன் என்றதும் நான் ஒரு குட்டி விமானத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தது, பன்பாய் பின்னியதுபோல நெளிநெளியாகக் கோடு ஓடிய கறுப்புத் தகடுகள்.

"பிளாஸ்ரிக்கோ?" என்றேன்.

"இல்லை அத்தான், கரி நார். இரும்பை விடப் பலம். ஆனா கரண்ட் பாயும், வயர் முட்டக்கூடாது."

"கரியில எப்பிடியடா கரண்ட் பாயும்? இந்தக் கையால எத்தினை பம்பி பாத்திருப்பன்."

அவன் என்னுடைய மீட்டரை எடுத்துத் தகட்டின் இரண்டு ஓரத்திலும் வைத்தான். மீட்டர் கீயென்று கத்தியது. அதன்பிறகு நான் கொஞ்சநேரம் வயரில் சுற்றுகிற ரேப் வெட்டிக் கொடுக்கும் வேலையை மட்டும் பார்த்தேன்.

தகட்டின் கூரான ஓரங்களை அரத்தால் மழுக்கவேண்டும். தூள் பறக்காமல் தண்ணீரில் நனைத்து அராவவேண்டும் என்று கஜன் சொன்னான். நான் நனைக்கவில்லை. அந்தக் கறுப்புத் தூள் குசினி வரைக்கும் போனது. வதனி வெளியே வந்து, புட்டுக் கோப்பையை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது எள்ளுப் புட்டோ எண்டு கேக்கிறாள் மகள். இனி இந்த மேசையில ஒண்டில் உது இருக்கும், இல்லாட்டிச் சாப்பாடு இருக்கும்."

நாங்கள் மாட்டுக் கொட்டிலுக்கு இடம் மாறினோம்.

வயர்களுக்கு ஈயம் ஒட்டுகிற வேலை என்னுடையது. அதில் மட்டும் என் கை சுத்தம், கஜனே ஒப்புக்கொள்வான். பூட்டி முடிந்ததும் விசிறிச் செட்டைகளைப் போடாமல் மோட்டார்களை மட்டும் ஓட்டிப் பார்த்தான். நான் ஒவ்வொன்றின் தலையிலும் துண்டுக் கடதாசி ஒட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குந்தியிருந்து பார்த்தேன். இரண்டு வலப்பக்கம் சுற்றின. மற்ற இரண்டும் இடப்பக்கம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கோயிலையும் வலம்தான் வருகிறோம், நெல்லு மிதித்த மாட்டையும் வலம்தான் சுற்றவிட்டோம். இடம் சுற்றுவது ஒரே ஒரு இடத்தில். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, சுடலையில். என் அப்பாவுக்கு நான் அப்படிச் சுற்றி வருடம் ஒன்றுகூட ஆகியிருக்கவில்லை.

"கஜன், உது ரெண்டும் பிழையாச் சுத்துது."

"அது அப்பிடித்தான் அத்தான்" என்றான், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பின்வளவில் பறக்கவிட்டான். பாம்புபோலச் சீறிக்கொண்டு எழும்பி, தென்னைகளுக்கு இடையால் நுழைந்து, சொன்ன இடத்தில் வந்து இறங்கியது. (எங்கள் பக்கத்தில் மேலே ஏதாவது இரைந்தால், சண்டைக்காலத்தைக் கண்ட நாற்பது வயது தாண்டியவர்கள் இன்னும் முதலில் பிள்ளைகள் எங்கே என்றுதான் தேடுவார்கள். அதனால் கஜன் முன்னதாகவே வேலி வேலியாகப் போய், "நான்தான் மாமி, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி வைத்திருந்தான்.) வதனிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு மட்டும் அந்த இரண்டு மோட்டார்கள் கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு பிள்ளையின் பிழைப்பு சுடலைச் சுற்றிலா தொடங்குவது? அதோடு, நாலு மாடும் ஒரே பக்கம் இழுத்தால்தானே வண்டில் இன்னும் விசையாகப் போகும்? பக்தியும் பொறியியலும் ஒரே முடிவைச் சொன்னால் அதற்குமேல் ஒரு மனிதன் என்ன யோசிக்க இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, ஜெயா அண்ணையைக் கூட்டிவரக் கஜன் சந்திக்குப் போனான். நான் குளித்து, விபூதி பூசி, கோயில் வேட்டியோடு கொட்டிலுக்குள் புகுந்தேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று வயர். அதில் எந்த இரண்டை மாற்றி ஒட்டினாலும் மோட்டார் மறுபக்கம் சுற்றும். பம்பி திருத்துகிற எவனுக்கும் தெரிந்த வித்தை. செட்டைகளும் வலத்துக்கு ஒரு சாதி, இடத்துக்கு ஒரு சாதி. மேலதிகமாக வந்த பையில் வலத்துச் செட்டைகள் இருந்தன. இடம் சுற்றிய இரண்டுக்கும் வயரையும் செட்டையையும் மாற்றி, துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்தேன். நாலும் வலம். பிள்ளையாரே, இனி உன் பொறுப்பு என்றேன். (பிள்ளையார் அதற்கு முன்பும் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.)

வெட்டு முடிந்த வயல், நடுவில் ஒரு வைக்கோல் போர். ஜெயா அண்ணைக்கு வாய்க்கால் ஓரத்தில் கதிரை போட்டு, வதனியும் நானும் பக்கத்தில் நின்றோம். கஜன் ஒரு கண்ணாடியைத் தான் மாட்டிக்கொண்டு மற்றதை அவருக்குக் கொடுத்தான். கமரா பார்ப்பதெல்லாம் அதற்குள் தெரியும், தானே ஏறிப் பறப்பதுபோல இருக்கும்.

"நல்லாத் தெரியுது" என்றார் ஜெயா அண்ணை. "உங்கட அத்தான்ர வேட்டி நல்ல வெள்ளை."

நான் அடக்கமாகச் சிரித்தேன். கஜன் விசையைக் கூட்டினான்.

ட்ரோன் நெஞ்சளவு எழும்பியது. அதற்குப்பிறகு அது பறக்கவில்லை, சுழன்றது. பம்பரம் அப்படிச் சுழன்று நான் பார்த்ததில்லை. நான்கு கையும் மறைந்து ஒரு கறுப்புத் தட்டாகத் தெரிந்தது. இதில் கடவுள் என்னைப் பார்த்துச் சிரித்த இடம் ஒன்று உண்டு. நாலு செட்டையும் வலம் சுற்ற, ட்ரோனின் உடம்பு அப்படியே இடம் சுற்றியது. இரண்டு மோட்டார் இடம் சுற்றுவதைப் பொறுக்காத நான், முழு ட்ரோனையும் இடம் சுற்ற வைத்துவிட்டேன்.

கஜன் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரம்பில் குந்தினான். ஜெயா அண்ணைக்கு அதைக் கழற்றத் தோன்றவில்லை. அவர் கண்ணுக்குள் வயல், வதனி, வைக்கோல், என் வேட்டி, மறுபடி வயல் என்று உலகமே ஓடியிருக்கவேண்டும்.

"பிடி, பிடி, என்னைப் பிடி" என்று இருந்த கதிரையிலேயே இரண்டு பக்கமும் சாய்ந்தார். பிடிக்கப் போனேன். அவர் கைக்கு முதலில் அகப்பட்டது என் வேட்டி. அவர் வேட்டியை இழுக்க, நான் வேட்டியை இழுக்க, மானத்துக்கும் மரியாதைக்கும் நடந்த போட்டியில் நான் மானத்தின் பக்கம் நின்றேன். ஜெயா அண்ணை கதிரையோடு வாய்க்காலுக்குள் போனார்.

ட்ரோன் சரிந்து வைக்கோல் போருக்குள் புகுந்து அடங்கியது. வதனியின் கை கழுத்துக்குப் போய், அந்த அலுமாரித் திறப்பை இறுக்கிப் பிடித்தது. அதைப் பார்த்தபோதுதான் விழுந்தது ட்ரோன் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஜெயா அண்ணை இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கண்ணாடியைக் கழற்றினார். "நிண்டிட்டுதோ?" என்று மட்டும் கேட்டார்.

கஜன் ட்ரோனைத் தோண்டி எடுத்து வந்தான். செட்டைகள் கிழிந்திருந்தன, சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. ஒருதரம் திருப்பிப் பார்த்தான். மோட்டாரை விரலால் தட்டினான்.

"ஆரோ வயர் மாத்தியிருக்கினம். ரெண்டு மோட்டாருக்கு. செட்டையும் மாத்தி." பிறகு ஈயத்தை உற்றுப் பார்த்தான். "வடிவா ஒட்டியிருக்கினம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தனப் பொட்டு ஏற்கனவே சாட்சி சொல்லிவிட்டது.

"இஞ்சருங்கோ" என்றாள் வதனி. குரல் மிக மெதுவாக இருந்தது. "என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். வலம், இடம், சுடலை, மாடு, வண்டில், எல்லாம். ஜெயா அண்ணை சேர்ட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அத்தான்" என்றான் கஜன். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "பம்பி மோட்டாரை ஆணி இறுக்காமல் போட்டா என்ன செய்யும்?"

"உள்ளுக்கு ஒரு பக்கம் சுத்த, உடம்பு மற்றப் பக்கம் உதைச்சுத் திரும்பும்." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆகாயத்தில் ஆணி இறுக்க இடம் இல்லை. இரண்டு வலம் உதைப்பதை இரண்டு இடம்தான் பிடித்து வைத்திருக்கிறது.

வதனி விடவில்லை. "சனிக்கிழமையில நவக்கிரகத்தை எப்பிடிச் சுத்துறனீங்கள்?"

"வலமாத்தான்."

"கடைசி ரெண்டு சுத்து?"

ஒன்பது சுற்று வலம் வந்தபிறகு ராகுவுக்கும் கேதுவுக்குமாக இரண்டு சுற்று இடம் வருவது எங்கள் வழக்கம். வாரம் தவறாமல் நான்தான் முன்னுக்குப் போவேன், அவள் பின்னால் வருவாள்.

"சாமியே ரெண்டு பேரை இடப்பக்கமா வைச்சுச் சமாளிக்கிறார். உங்களுக்கு மட்டும் நாலும் வலம் சுத்தவேணும்."

முதலில் சிரித்தது ஜெயா அண்ணைதான். வாய்க்கால் தண்ணீர் குலுங்கச் சிரித்தார். "சரி, ராகுவையும் கேதுவையும் பழையபடி பூட்டு. நான் இதிலயே நிக்கிறன், எப்பிடியும் நனைஞ்சாச்சு."

கஜன் ஈயம் இளக்கி, வயரை மாற்றி, புதுச் செட்டை போட்டான். வயரைப் பிடிக்கக்கூட என்னை விடவில்லை. பிறகு பறக்கவிட்டான். ஜெயா அண்ணை கண்ணாடியைத் தொடவே மாட்டேன் என்று சொந்தக் கண்ணால் பார்த்தார். ட்ரோன் வரம்போடு வரம்பாகத் தாழப் போய், வைக்கோல் போரைச் சுற்றி, கவிழ்ந்து நிமிர்ந்து அவருக்கு நேரே வாய்க்கால் கரையில் வந்து குந்தியது.

"பறக்கவிட ஆள் எனக்குக் கிடைக்கும்" என்றார் அவர். "விழுந்ததைக் கையில எடுத்த உடன ஏன் விழுந்தது எண்டு சொல்லுறவன் கிடைக்கிறேல்லை. திங்கக்கிழமை வா. ஒரு நிபந்தனை. உன்ர அத்தான் எங்கட கொட்டில் பக்கம் வரப்பிடாது."

வதனி அன்று அழுதாள். பிறகு எள்ளுப் புட்டு அவித்தாள், உண்மையான எள்ளுப் போட்டு.

கஜன் இப்போது ஜெயா அண்ணையின் பங்காளி. பாஸ்போட்டின் காலம் அலுமாரிக்குள்ளேயே முடிந்துபோயிற்று. மருந்தடிக்கிற பெரிய ட்ரோனுக்கு ஆறு மோட்டார். மூன்று வலம், மூன்று இடம். பறக்கவிட முன்னர் அவன் வரம்பில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கூட நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி சொல்வான். "ராகு சரி. கேது சரி. அத்தான் சரி."

அந்த மூன்றாவது இடஞ்சுழிக்கு என் முறையையே பெயராக வைத்துவிட்டார்கள். முரசுமோட்டையில் வயல் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். மருந்தடிக்க நாள் கேட்கிறவர்கள்கூட, "அத்தான் நல்லாச் சுத்துறாரோ?" என்றுதான் தொலைபேசியில் தொடங்குகிறார்கள்.

சனிக்கிழமைகளில் இன்னும் கோயிலுக்குப் போகிறோம். ஒன்பது வலம், இரண்டு இடம் முடித்து நான் கும்பிட்டுத் திரும்பும்போது வதனி பின்னாலிருந்து மெதுவாகச் சொல்வாள், "இன்னும் ஒண்டு கிடக்கு." நான் கேளாதவன்போல விபூதி எடுக்கப் போய்விடுவேன்.

போன மாதம் கஜனுக்குப் பிள்ளை பிறந்த சனிக்கிழமை, வதனி ஆஸ்பத்திரியில் நிற்க, நான் தனியாகப் போனேன். கோயிலில் ஐயரும் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அந்த மூன்றாவதையும் சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.