மூளைக்குப் போட்ட வண்டி மை

ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊர் நம்பிவிட்டால், அதன் பிறகு அவன் வாயில் "தெரியாது" என்ற சொல் வருவதில்லை. எனக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

நடந்தது 2010ஆம் ஆண்டு, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேதி என் டைரியில் இருக்கிறது. (அச்சில் போட்டால் சொந்தக்காரர்கள் வருடா வருடம் கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள் என்று என் மனைவி தடை போட்டிருக்கிறாள். தேதி இல்லாமல் எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடப்பதுபோல இருக்கிறது. என்ன செய்ய?)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தேனியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கடைசிப் பக்க விளம்பரம் வரை படித்து, அடிக்கோடிட்டு, படித்த தேதியையும் ஓரத்தில் குறித்து வைப்பேன். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததுதான் குறைவு. இரண்டே தடவை. (இரண்டாவது தடவை, முதல் தடவை திறந்ததை மூடுவதற்காக.)

தை மாதத்தில் காமயகவுண்டன்பட்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தோம். பெண் பெயர் கவிதா, எம்.சி.ஏ. கடைசி வருடம். கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்யும் என் நண்பன் சிக்கந்தர் கொண்டுவந்த சம்பந்தம். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு என்றால், அன்றைய டைரிப் பக்கத்தில் வீடு திரும்பிய நேரத்தை எழுத மறந்திருக்கிறேன். அந்தப் பக்கமிருந்துதான் பதில் வரவில்லை. கவிதாவின் அப்பா ஈஸ்வரன் திராட்சைத் தோட்டக்காரர், மாட்டுவண்டிப் பந்தயப் பிரியர். வாசலில் விடைகொடுக்கும்போதுகூட என்னைத் "தம்பி" என்றுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து "மாப்ள" என்ற ஒரு சொல் வர வேண்டும். அதற்காக மூன்று வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சிக்கந்தர்தான் கூப்பிட்டான்.

"ஏலே, அந்தப் பிள்ளையோட லேப்டாப்பு நத்தை மாதிரி போகுதாம். மாப்பிள்ளைப் பையன் கம்ப்யூட்டர் படிச்சவருன்னாகளே, ஒரு எட்டு வந்து பாக்கட்டும், பெறகு பேசுவோம்னு சொல்றாக. பரீச்சை வச்சுட்டாகடா."

"லேப்டாப் என்ன மாடல்?"

"மொதல்ல நல்ல சட்டை இருக்கான்னு பாரு. அப்புறம் மாடலு."

மாடலை விசாரித்துச் சொன்னான். அதில் இருப்பது மெதுவான பிராசசர் என்று எங்கோ படித்த நினைவு. உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன், நோயாளியைப் பார்க்காமலே. சனிக்கிழமை மதுரைக்குப் போய், அந்த லேப்டாப்புக்குப் பொருந்தும் வேகமான பிராசசர் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் சின்னக் குழாயில் சாம்பல் நிறப் பசையும் கொடுத்தார். பிராசசருக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவ வேண்டியது. "பசையை மறக்கக் கூடாது" என்று அன்று டைரியில் எழுதி, குழாயை அந்தப் பக்கத்திலேயே அடையாளமாக வைத்து மூடினேன். மறுநாள் டைரியை எடுக்காமல் சட்டைப்பைக் குறிப்பேட்டோடு கிளம்பினேன்.

ஈஸ்வரன் வீட்டுக் கூடத்தில் சிக்கந்தரோடு சேர்த்துப் பதினொரு பேர் இருந்தார்கள். (எண்ணினேன்.) எல்லோரும் "சும்மா வந்தோம்" என்றார்கள். 10.40க்குக் கவிதா லேப்டாப்பின் சுவிட்சைப் போட்டாள். அது முழுதாகக் கண் விழித்தது 10.51க்கு. இடையில் எனக்கு இரண்டு காபி கொடுத்துவிட்டார்கள்.

"இங்க பாருங்க," என்று கவிதா திரையைத் திருப்பினாள். "பிராசசரு நூத்துல எட்டுப் பங்குதான் வேலை பாக்குது. மிச்ச நேரம் சும்மா நிக்குது. ஆனா ஹார்ட் டிஸ்க் லைட்டு அணையவே மாட்டேங்குது. டிஸ்க்கு பழசு, மெதுவானது. அதுலயும் முக்கால்வாசி அப்பாவோட பந்தய வீடியோ. வேகமான டிஸ்க்கா மாத்துனாப் போதும்னு நெனைக்கிறேன்."

"வீடியோவ மட்டும் அழிச்சுப்புடாதீக," என்றார் ஈஸ்வரன் அவசரமாக. "நம்ம மயிலைக் காளை ரெண்டாவதா வர்றது அதுலதேன் இருக்கு."

"ஒரே பந்தயம் நாலு தடவ இருக்குப்பா."

"நாலு எடத்துல நின்னு எடுத்ததும்மா அது!"

நான் புன்னகைத்தேன். (அந்தப் புன்னகையை யாரும் போட்டோ எடுக்காதது கடவுள் புண்ணியம்.) "டிஸ்க் எல்லாம் வெறும் அலமாரிங்க. பிராசசர்தான் மூளை. மூளை வேகமானா எல்லாமே வேகமாகிடும்," என்றேன், பதினொரு பேருக்கும் கேட்கும்படி.

ஈஸ்வரன் யோசித்தார். "அதாவது தம்பி, சக்கரம் சுத்தலைன்னு பிள்ள சொல்லுது. நீங்க காளைய மாத்தணுங்குறீக."

"ஆமாங்க."

"சுத்தாத சக்கரத்துல எந்தக் காளையப் பூட்டுனாலும் நாக்கத் தள்ளிப்புடாதா?"

"இது கம்ப்யூட்டருங்க," என்றேன். இதைவிட முட்டாள்தனமான பதிலை அதற்குப் பின் நான் சொன்னதில்லை. முயன்றிருக்கிறேன்.

கவிதா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "என் ப்ராஜெக்ட் முழுக்க இதுலதான் இருக்கு. அடுத்த மாசம் கொடுக்கணும். காப்பி எடுக்கலாம்னா பாதியிலேயே நின்னுபோகுது."

"நான் இருக்கேன்ல," என்றேன்.

லேப்டாப்பைக் கவிழ்த்து, பதினான்கு திருகாணிகளைக் கழற்றினேன். முறையாகச் செய்கிறவன் ஆயிற்றே, திருகாணி மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர் கேட்டேன். கவிதாவின் அம்மா வீட்டிலிருந்த பதினான்கு டம்ளர்களையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் செம்பில்தான் காபி.

பழைய பிராசசரை எடுத்துப் புதியதை உட்காரவைத்தேன். பைக்குள் கையை விட்டேன். பசை இல்லை. பையைக் கவிழ்த்தேன். இல்லை. பசை தேனியில், டைரிக்குள், மறக்கக் கூடாது என்ற வரிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"என்ன தம்பி தேடுறீக?"

அங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்லைங்க, ரெண்டு உலோகத்துக்கு நடுவுல தடவ கொஞ்சம் மசகு வேணும்," என்றேன்.

ஈஸ்வரன் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "அட, நம்மகிட்ட இல்லாத மசகா!" வாசலில் நின்ற பந்தய வண்டியிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அச்சுக்குப் போடும் வண்டி மை. வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு அவர் கையாலேயே அரைத்தது. "இதப் போட்டா சக்கரம் சத்தமே இல்லாம சுத்தும்."

"அது வேணாம்..." என்று கவிதா தொடங்கினாள்.

வருங்கால மாமனார் ஆசையோடு நீட்டுகிறார். நானா மறுப்பேன்? பிராசசருக்குத் தடவினேன். குறைவாகப் போட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று இன்னும் ஒரு விரல் எடுத்துத் தடவினேன். பதினான்கு டம்ளர்களையும் காலி செய்து மூடினேன். 12.17க்குச் சுவிட்சைப் போட்டேன்.

திரை வெளிச்சமானது. பழைய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, முகப்புப் படம் வந்துவிட்டது போலிருந்தது. "பாத்தீகளா!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

விளக்கெண்ணெய் காயும் வாசனை வந்தது.

"ஏலே, உள்ள வடை சுடுறியா?" என்றான் சிக்கந்தர்.

கீபோர்டின் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. 12.20க்குத் திரை இருண்டது. பதினொரு பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கவிதா மட்டும் லேப்டாப்பைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாகக் குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தது. நல்லது கெட்டது எது நடந்தாலும் அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

"இந்நேரத்துல என்னய்யா எழுதுறீக?" ஈஸ்வரன் குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடி இல்லாததால் மகளிடம் நீட்டினார். "வாசிம்மா, என்னதேன் எழுதியிருக்காருன்னு பாப்போம்."

கவிதா வாசித்தாள். முதலில் கோபமாகத்தான் வாசித்தாள்.

"10.40, சுவிட்ச். 10.51, திரை. 10.55, டிஸ்க்தான் காரணம் என்கிறார் கவிதா. நான் மறுத்தேன். 12.05, பசையைக் காணோம், சொல்லவில்லை. 12.10, வண்டி மை. 12.20, புகை. கவிதா சொன்னது சரி. நான் சொன்னது தவறு."

கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். (பழக்கம்.)

அவள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு என் திருப்புளியை வாங்கி, லேப்டாப்பின் ஓரத்தில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே உருவினாள். அரை நிமிடம் ஆகியிருக்கும். "இதுக்கு ஒரு டம்ளர் போதும்," என்றாள்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கம்பத்தில் படிக்கும் தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க அம்மாவோடு பஸ் ஏறினாள். என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் சிக்கந்தரும் என்னோடு தேனி பஸ் ஏறினான். சின்னமனூர் வரை அவன் சிரிக்காமல் வந்தான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

மாலை 6.15க்குப் போன் வந்தது. கவிதா.

"ப்ராஜெக்ட் அப்படியே இருக்கு. அப்பாவோட பந்தயம் நாலும் இருக்கு. மூளைதான் போச்சு, ஞாபகமெல்லாம் பத்திரம்."

"மன்னிச்சிருங்க," என்றேன்.

"அதைத்தான் நேரம் போட்டே எழுதிக் கொடுத்துட்டீகளே. இருங்க, அப்பா பேசணுமாம்."

ஈஸ்வரன் தொண்டையைச் செருமினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"மை டப்பாவ உங்க பைக்குள்ள போட்டுக் கொண்டுபோயிட்டீக. அடுத்த வாரம் பந்தயம் இருக்கு. கொண்டாந்து குடுத்துருங்க, மாப்ள."

டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிதான் இருந்தது. எனக்கு அவர் சொன்ன அந்தக் கடைசிச் சொல் போதும்.

எரிந்துபோன போர்டுக்குப் பதிலாக அதே மாடலில் ஒரு பழைய போர்டை மதுரையில் என் செலவில் வாங்கினேன். அதில் பழைய பிராசசரையே வைத்து, கவிதா சொன்ன வேகமான டிஸ்க்கைப் போட்டோம். பதினொரு நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறைந்தது. நானே கடிகாரம் பிடித்தேன். (வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலையாக இருந்தால் பிராசசர்தான் உதவியிருக்கும் என்று பின்னால் ஒருநாள் படித்தேன். மனைவியிடம் சொன்னேன். "அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றாள்.) மாமனார் பிறகு வாங்கிய ஒரு கன்று, புறப்படும்போது பறந்து பாதி வழியில் படுத்துக்கொள்ளும். அதற்கு அவர் வைத்த பெயர் பிராசசர்.

கிழித்துக்கொண்டுபோன பக்கத்தைக் கவிதா லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அவள் பேசுவதை நிறுத்திவிட்டு பீரோ பக்கம் நடந்தால், நான் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். என் கையெழுத்தைப் பொய் என்று சொல்ல முடியுமா?

முப்பது வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். ஆனால் நான் எழுதியதிலெல்லாம் அடுத்தவர்கள் விரும்பி வாசித்தது குறிப்பேட்டிலிருந்து கிழித்த அந்த ஒரு பக்கத்தைத்தான்.