இரண்டு மார்க் கடல்

உலகம் உருண்டை என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் உச்சிப்புளியில்தான் இருந்தார். படிப்பறிவு இல்லாதவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். மறுப்பதற்கு அவரிடம் துறை சார்ந்த காரணம் இருந்தது.

"உருண்டைங்கிறாய்ங்க. சரி. அப்ப எல்லைக்கல்ல எங்கன நடுறது டீச்சர்? நட்டா நிக்குமா?"

அவர் பெயர் செயின்மேன். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. சர்வேயர் நிலம் அளக்கப் போகும்போது, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கருவேல முள்ளுக்குள் ஓடுகிற உத்தியோகம். முப்பத்திரண்டு வருஷம் ஓடினார். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு ஃப்ளாஸ்க் கொடுத்தார்கள். அவர் ஃப்ளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழித்துக்கட்டி மூலையில் கிடந்த பழைய சங்கிலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அறுபத்தாறு அடி, நூறு கண்ணி. அன்றைக்குப் பிடித்தது ஊருக்கு ஏழரை.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டப் போகிற நேரத்தில் எழுந்து, மணமேடை பக்கத்து வீட்டுக்காரர் மனைக்குள் மூன்று கண்ணி நுழைந்திருப்பதாக அறிவித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவரை அப்படியொரு கவலை இல்லை. அறிவித்த பிறகு வந்துவிட்டது. கெட்டிமேளம் நின்று, பந்தலை அளந்து, மேடையை நகர்த்தி, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளைக்குத் தாலி கட்ட அனுமதி கிடைத்தது.

சர்க்கரை இருக்கிறது, தினமும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு கிலோமீட்டர் என்பதற்கு என்ன அத்தாட்சி? சங்கிலியால் அளந்துகொண்டே நடந்தார். சங்கிலிக்கு இரண்டு முனை இருப்பதால் அவர் மனைவியும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. முன்னால் இழுத்துக்கொண்டு ஓடியது மதினி. பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தது அவர். மூன்று மாதத்தில் சர்க்கரை குறைந்தது மதினிக்கு. அவருக்கு இருந்தபடியே இருந்தது.

நான் அப்போது ஸ்டேஷன் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். முன்னறையில் நான்கு மெஷின், பின்னறையில் நானும் என் வீட்டுக்காரரும், நடுவில் ஒரு டிவி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டிவியில் 'பூமிப் பந்து' வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பூகோளப் போட்டி. தரை முழுக்க உலக வரைபடம் வரைந்திருப்பார்கள். கோட்டுப் போட்ட ஒரு மாமா கேள்வி கேட்பார். பிள்ளைகள் குடுகுடுவென்று ஓடி அந்தந்த நாட்டின் மேல் நிற்க வேண்டும். சரியாக நின்றால் இரண்டு மார்க். கடைசியில் யாருக்கு மார்க் குறைவோ, அந்தப் பிள்ளையை ஓர் அட்டைக் கப்பலில் ஏற்றி, டாட்டா காட்டச் சொல்லி, இரண்டு தடியர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். குழந்தைகள் மனதைப் பக்குவப்படுத்தும் நல்ல ஏற்பாடு. இன்றைக்கு அந்த நிகழ்ச்சியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நெற்றியைத் தடவுகிறார்கள். எனக்கு அந்தக் கப்பலின் பச்சைப் பாய்மரம்கூட மறக்கவில்லை. மறக்க முடியாதபடி செய்தவர் செயின்மேன்.

ஞாயிறு தவறாமல் ஒன்பதே முக்காலுக்கே வந்து, எங்கள் வீட்டில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். டிவியில் ஒரு பையன் மங்கோலியாவின் தலைநகரத்தைச் சொல்லிவிட்டுப் பூரிப்பான்.

"பேர எவன் வேணாலும் சொல்லுவான். நாலு எல்லையச் சொல்லச் சொல்லு டீச்சர்! வடக்க யாரு, தெக்க யாரு, எடையில வண்டிப்பாதை இருக்கா?"

கிரீன்லாந்து இவ்வளவு பெரியது என்று காட்டினால், பட்டா யார் பேரில் என்பார். ஆஸ்திரேலியாவில் பாலைவனம் என்றால், புறம்போக்கு என்று தலையாட்டிக்கொள்வார். அண்டார்டிகாவுக்கு உரிமையாளரே கிடையாது என்று கேள்விப்பட்ட வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று மதினி வந்து சொன்னது.

இதெல்லாம் தமாஷாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோட்டு மாமா அட்டையைப் பார்த்துக் கேட்டார்: "ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகிறோம். பாம்பன் பாலத்தில் நமக்கு இடது பக்கம் தெரிகிற கடல் எது?"

இரட்டைச் சடை போட்டு மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பிள்ளை ஓடிப்போய் பாக் விரிகுடாவில் நின்றது. சரியாகத்தான் நின்றது.

"தப்பு! மன்னார் வளைகுடா!" என்றார் கோட்டு மாமா. மார்க் போயிற்று. நிகழ்ச்சி முடிவில் அந்தப் பிள்ளையைத்தான் கப்பலில் ஏற்றினார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அழுதது. அழுதுகொண்டே, சொல்லிக் கொடுத்தபடி டாட்டாவும் காட்டியது.

நாற்காலி காலி. செயின்மேன் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏலே கோட்டு! வடகடலத் தூக்கித் தெக்க போட்டுட்டியேலே! சரியா நின்ன பிள்ளையக் கப்பல்ல ஏத்துறியே, நீ வெளங்குவியா?"

என் வீட்டுக்காரர் ஆறுதலாக, "விடுங்கண்ணே, ரெண்டு மார்க்குதான" என்றார். அவருக்குக் கவலை வேறு. பத்தரைக்கு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால்தான் கிரிக்கெட் தெரியும்.

"தம்பி, முப்பத்திரெண்டு வருசம் சங்கிலி பிடிச்சிருக்கேன். சரியாத்தான் பிடிச்சேன். புஸ்தகத்துல எழுதுறவுக தப்பா எழுதுவாக. ஏச்சு யாருக்கு? பிடிச்சவனுக்கு. ஒருநாளாச்சும் எனக்காக யாராச்சும் மறு அளவு கேட்டிருக்காகளா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், மெஷின்ல பேப்பர ஏத்துங்க. அந்தப் பிள்ளையக் கப்பல்ல இருந்து எறக்காம விடமாட்டேன்" என்றார்.

ஏற்றினேன். விடுநர், பெறுநர், பொருள், பார்வை. 'பார்வை' என்ற இடத்தில் 'நேரில் டிவியில் பார்த்தது' என்று போடச் சொன்னார். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் 'நினைவூட்டு' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டோம். அதற்கும் பதில் இல்லை. டிவி நிலையம் இடிந்து விழாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது மனுவுக்கு ஸ்தல ஆய்வு தேவை என்றார். எந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று இரண்டு கடலுக்கும் நடுவே குடியிருக்கிறவர் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். அவர், மதினி, சங்கிலி, எழுதுவதற்கு நான் என்று நான்கு பேரும் பஸ் ஏறிப் பாம்பன் போனோம். ரோடு பாலம் அப்போது புதிது. கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சங்கிலியை நீட்டி, மதினியை ஒரு முனையில் நிறுத்தினார். கடலின் பெயரைத் தெரிந்துகொள்ளப் பாலத்தை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அளக்காம வந்தா ஆய்வுன்னு எப்பிடி எழுதுறது?" என்றார். காற்றில் மதினியின் சேலைத் தலைப்பு கொடி மாதிரிப் பறந்தது. போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் மதினியையே திட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு கரைக்கு இறங்கி, வலை சரி செய்துகொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்.

"இது என்ன கடல்?"

"வடகடல்."

"டிவில இதத் தென்கடல்ங்கிறான்."

மீனவர் சிரித்த சிரிப்பில் வலை ஊசி கை தவறி விழுந்தது. "அப்ப இம்புட்டு நாளா நாங்க எங்கன வலை விட்டோம்? கொண்டாங்க பேப்பர!"

பேப்பரைப் பார்த்தவர் முகம் மாறியது. "இதுல பாக் விரிகுடான்னு போட்டிருக்கு?"

"ரெக்கார்டுல அதுதான் பேரு."

"பாக்குன்னா ஆரு? இங்கன தொழில் பாத்தவரா? எங்க அய்யா, அவுக அய்யா எல்லாம் வடகடல்லதான் போனாக. வடகடல்னு எழுதுனாத்தான் கையெழுத்து."

அரை மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் 'வடகடல் என்று மக்களாலும், பாக் விரிகுடா என்று வரைபடத்தாலும் அழைக்கப்படுகிற' என்று நான் எழுதிக் கொடுத்து இருவரையும் சமாதானம் செய்தேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மதினி எட்டாவது சாட்சி. முனை பிடித்தவர் என்ற முறையில்.

இந்த முறை பதில் வந்தது. செயின்மேன் கவரைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். நான்தான் பிரித்துப் படித்தேன். நிகழ்ச்சிக் குழுவினர் ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பி வருகிற ரயிலில் அந்தக் கேள்வியை எழுதினார்களாம், அதனால் இடது வலது மாறிவிட்டதாம், வருந்துகிறார்களாம், வரும் ஞாயிறு நிகழ்ச்சியில் திருத்தம் வாசிக்கப்படுமாம். சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த இடத்தில் தெற்கை வடக்காக்கியிருக்கிறார்கள். புண்ணியவான்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயின்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் மதினியோடு வந்தார். டிவியைப் போட்டால் ஒரே புள்ளி மழை. முந்தின நாள் கிரிக்கெட்டுக்காக இலங்கைப் பக்கம் திருப்பிய ஆன்டெனாவைக் காற்று மேலும் சுழற்றி, கம்பத்தைக் கட்டியிருந்த கம்பியையும் அவிழ்த்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய்த் திருப்பினார். கையை எடுத்தால் மறுபடி சுற்றியது.

"எறங்குங்க தம்பி. டிவி டவரு இருக்கிற கொடைக்கானல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்" என்று செயின்மேன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் தடுத்தேன். "நீங்க மேல நின்னா எப்பிடிண்ணே பாப்பீக?"

"சாட்சி மூணு பேரு கீழ இருக்கீகள்ல" என்றார்.

கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். படம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஆடாமல் பிடித்துப் பழகிய கை.

பாதி நிகழ்ச்சியில் கோட்டு மாமா எங்கள் கடிதத்தை எடுத்தார். பாம்பன் கேள்விக்குச் சரியான விடை பாக் விரிகுடாதான் என்றார். அந்தச் சிறுமிக்கு இரண்டு மார்க் சேர்க்கப்படுகிறது என்றார். நாங்கள் மூவரும் கை தட்டினோம். அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாலோட ரெண்டு ஆறு. மற்றவர்கள் எல்லாம் பத்துக்கு மேல். ஆகவே முடிவில் மாற்றம் இல்லை, நேயர்களே!" வேடிக்கை என்று நினைத்து அந்தக் கப்பல் காட்சியை மறுபடியும் போட்டார்கள். பச்சைப் பாய்மரம். கண்ணாடியைத் துடைக்கிற பிள்ளை. டாட்டா.

மாடியிலிருந்து குரல் வந்தது. "டீச்சர்! ரெண்டு மார்க்குப் போட்டாகளா?"

"போட்டாகண்ணே!"

"பிள்ளையக் கப்பல்ல இருந்து எறக்கிட்டாகளா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். அத்தனை மனுக்களையும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே டைப் அடித்தவள் நான். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"எறக்கியாச்சுண்ணே!" என்று கத்தினேன்.

இறங்கி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் துரு. மதினி சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்து, அதுவரை நான் கேட்டிராத மெல்லிய குரலில், "ஆமாங்க. அவுக அப்பாவே வந்து கையப் பிடிச்சு எறக்கிக் கூட்டிட்டுப் போனாரு. நல்லாச் சிரிச்சுச்சு பிள்ளை" என்றது.

அவர் இரண்டு தரம் தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். எவ்வளவு தூரம் கூட்டிப் போனார், எந்தப் பக்கமாகப் போனார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. உலகத்தையே அளக்காமல் நம்பாத மனுஷன், அன்றைக்கு எங்கள் வார்த்தையை மட்டும் அளந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.