கேக்குதோ அண்ணையும் முறுக்காத கம்பியும்

கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில், கேக்குதோ அண்ணை கைவைத்த பிறகும் வாய் திறக்காத இன்டர்கொம் என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவில் வந்து, கேற்றில் ஒன்று, குசினியில் ஒன்று, மாடியில் ஒன்று என்று பூட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். சில மாரி கண்டதும் அவை எல்லாம் ஊமையாகிவிடும். அப்போது ஊரே தேடுகிற ஆள் இவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. போனை எடுத்தால் மனிதர் ஹலோ சொல்லமாட்டார். "கேக்குதோ?" என்பார். "ஓம் அண்ணை, வடிவாய்க் கேக்குது" என்று நீங்கள் சொன்னால் தொலைந்தீர்கள். "சந்தோசம்" என்று சொல்லி வைத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை லைன் நல்லாயிருக்கிறது, இனி என்ன கதை? நானும் ஒரு காலை முழுவதும் அவருக்குச் சந்தோசம் கொடுத்துக் களைத்துப்போனேன். கடைசியில், அவர் வீடிருக்கும் நெளுக்குளத்துக் கடைக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார்.

"கேக்கேல்லை எண்டு சொல்லும் தம்பி. அப்பத்தான் மனிசன் வைக்காமல் நிப்பார்."

வேலை செய்கிற விதமும் ஒரு தினுசுதான். இன்டர்கொம்மைப் பரிசோதிக்க "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று யாராவது எண்ணத் தொடங்கினால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும். "இதென்ன முதலாம் வகுப்போ? எண்ணுறது எல்லாரும் ஒரே மாதிரித்தான் எண்ணுவினம். கதையுங்கோ! மனசிலை கிடக்கிறதைக் கதையுங்கோ!" என்று சத்தம் போடுவார். இரண்டு பக்கமும் ஆட்கள் உண்மையாகக் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கதை ஓடும்போதுதான் அவர் கம்பியை முறுக்கிப் பொருத்துவார். சும்மா கிடக்கிற கம்பியில் அவர் கை வைத்ததே இல்லை.

இந்த முறையால் வவுனியாப் புடைவைக்கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்த கதை பிரசித்தம். கடைக்காரர் கீழே, மனைவி மாடியில். "அக்கா, மனசிலை கிடக்கிறதைக் கதையுங்கோ" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவவும் நம்பி, "போன முறை உங்கடை தங்கச்சி வந்து நிண்டவ எல்லோ..." என்று தொடங்கியிருக்கிறா. தங்கச்சியில் தொடங்கிய கதை மாமியாரில் ஏறி, கலியாணவீட்டில் இறங்கி, தாலிக்கொடியில் வந்து நின்றதாம். கடைக்காரர் வியர்த்துப்போய் றிசீவரை வைக்கப்போக, கேக்குதோ அண்ணை அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வைச்சிடாதேங்கோ! இப்பதான் லைன் தெளியுது!"

அந்த இன்டர்கொம் அதன்பிறகு பழுதாகவில்லை. பழுதாகியிருந்தாலும் கடைக்காரர் வெளியே மூச்சுவிட்டிருக்கமாட்டார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உருத்திரபுரத்தில் ஒரே வளவில் இரண்டு வீடு. ஒன்றில் என்னைப் பெற்ற ஐயாவும் நானும் என் மனைவியும். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா, சித்தி காலமான பிறகு தனியே. ஐயாவும் சித்தப்பாவும் கூடப்பிறந்த சகோதரர்கள், பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள், எனவே பகையாளிகள். வயலுக்குத் தண்ணீர் முறை வந்த ஒரு நாளில் மடையை யார் முதலில் மறித்தது என்பதில் வந்த பிரச்சினை. "இனி உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்று ஐயா சத்தியம் செய்தார். சித்தப்பாவும் அதே சத்தியத்தைத் திருப்பிச் செய்தார். கோயிலில்கூட ஒருவர் கும்பிட்டு முடித்து வெளியே வந்தால்தான் மற்றவர் உள்ளே போவார்.

இதற்குள் கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன், தகப்பன் தனியே இருக்கிறார் என்று பயந்து, இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு இன்டர்கொம்மைப் பூட்டிவிட்டுப் போனான். அங்கேதான் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூளை வேலை செய்தது. சத்தியம் முகத்துக்குத்தானே? இன்டர்கொம்மில் முகம் தெரியாதே! பின்னேரத் தேத்தண்ணி முடிந்ததும் ஐயா பட்டனை அமத்துவார், அல்லது சித்தப்பா அமத்துவார். குளத்துத் தண்ணி, உரம், மயில் வந்து நெல்லைக் கொத்தினது, இரண்டுபேருக்கும் பிடிக்காத சொந்தக்காரர் என்று கதை பொழுதுபட்ட பிறகும் போகும். பழைய லைன் இரைந்துகொண்டே இருப்பதால் இரண்டுபேரும் உச்சக் குரலில் கத்தித்தான் கதைப்பார்கள்.

"ஏன் ஐயா, கைபோன் இருக்குத்தானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கைபோனிலை அவன்ரை படம் வந்து முழிச்சுக்கொண்டு நிக்கும். அதோடை, ஆர் முதல் எடுத்தது எண்டு அதிலை பதிவாகிப்போம். இதிலை சாட்சி இல்லை" என்றார்.

போன மாரியில் அந்த இன்டர்கொம் செத்துப்போனது. செத்தது யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வில்லங்கம். பட்டனை அமத்தினால் அமத்தியவர் பக்கம் "கிர்ர்" என்று வழக்கம்போலக் கேட்கும். மறுபக்கத்துக்குப் போகாது, அவ்வளவுதான். ஐயா அமத்திப் பார்த்துவிட்டு, "எடுக்கிறானில்லை" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு பட்டன் பக்கம் போகும்போதெல்லாம் நாங்கள் பார்க்கிறோமா என்று பார்த்தபின் அமத்தினார். சோறு பாதியில் நின்றது.

ஒரு கிழமை கழித்து என் மனைவி சித்தப்பாவுக்குக் கறி கொடுக்கப் போன இடத்தில் கேட்ட செய்தியோடு ஓடிவந்தா. "சின்ன மாமா கனடாவுக்கு ஒரேயடியாய்ப் போகப்போறாராம். மகன் கனகாலமாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் எல்லோ? இப்ப ஓமெண்டிட்டார். இனி இஞ்சை எனக்கு ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறார்." ஐயாவும் அதைக் கேட்டார். வயலுக்குப் போகாமல் கதிரையிலேயே இருந்துவிட்டார். எனக்கு உண்மையில் பயம் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இது இப்படியே விமான நிலையம் வரைக்கும் போய்விடும்.

இன்டர்கொம்தான் பழுதோ என்ற சந்தேகமும் எனக்கு அப்போதுதான் வந்தது. அன்றைக்குத்தான் நெளுக்குளத்துக் கடைக்காரர் சொன்ன வழியில் போன் எடுத்தேன்.

"கேக்குதோ?"

"கேக்கேல்லை அண்ணை! உருத்திரபுரத்திலை இன்டர்கொம் ஒண்டு பழுது. கெதியா வாங்கோ!"

"அப்ப லைன்தான் பிழை. நாளைக்கு வாறன்" என்றார். கேட்காத நான் எப்படி மறுமொழி சொன்னேன் என்ற சந்தேகம் அவருக்கு வரவேயில்லை.

மறுநாள் காலையில், கிழவி இருமுவதுபோல இருமுகிற மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பழைய றிசீவர் தொங்கியது. எங்கள் பக்கத்துப் பெட்டியைக் கழற்றியதும் உள்ளே எறும்புக் குடியிருப்பு ஒன்று தெரிந்தது. மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குசினியில் சீனி வாங்கி, ஒரு கடதாசியில் தூவி, பெட்டிக்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எறும்புகள் வரிசையாக இறங்கத் தொடங்கின.

"கனநேரம் எடுக்குமே அண்ணை?"

"முட்டையையும் தூக்கிக்கொண்டெல்லோ போகுதுகள். அவசரப்படுத்தக்கூடாது தம்பி. உமக்கும் தெரியும்தானே."

எனக்கும் தெரியும். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்த எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? நான் போய் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்தேன்.

எறும்புகள் குடிபெயர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலிக்குப் போனார். முருங்கைமரத்தடியில் அணில் கடித்துக் கம்பி இரண்டாய்க் கிடந்தது. இரண்டு முனையையும் சுரண்டிச் செப்பைப் பளபளக்க வைத்து, ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "ஆக்களைக் கதைக்கச் சொல்லும்" என்றார். நானும் மனைவியும் தயாராக நின்றோம்.

"நீங்கள் இல்லை. இந்த லைன் ஆற்றை குரலுக்குப் பழகினதோ அவை வரவேணும்."

ஐயா மறுத்தார். "நான் அவனோடை கதைக்கமாட்டன்!"

"கதைக்கச் சொல்லேல்லை ஐயா. டெஸ்டிங்."

டெஸ்டிங் என்றால் ரோசம் குறையாதுதான். ஐயா எழுந்து போய் றிசீவரை எடுத்தார். அந்தப் பக்கம் என் மனைவி இதே நியாயத்தைச் சொல்லிச் சித்தப்பாவையும் எழுப்பிவிட்டிருந்தா.

"ஒண்டு, ரெண்டு" என்றார் ஐயா.

"எண்ணக்கூடாது!" என்று வேலியடியிலிருந்து அதட்டல் வந்தது. "மனசிலை கிடக்கிறது!"

ஐயா சுவரை முறைத்துப் பார்த்தார். பிறகு வெடித்தார். "டேய்! கனடாவுக்குப் போறியாமே? போ! ஒரு கிழமையாய் நான் அமத்த அமத்த எடுக்காத உனக்கு இஞ்சை என்ன வேலை?"

"ஆர் எடுக்காதது?" சித்தப்பாவின் குரல் இடிபோல வந்தது. "நானெல்லோ ஒவ்வொரு நாளும் அமத்தினனான்! நீங்கள்தான் அண்ணை எடுக்கேல்லை!"

"நானெல்லோ அமத்தினனான்!"

"சும்மா சொல்லாதேங்கோ!"

"உன்ரை பக்கத்திலை நிக்கிற மருமகளைக் கேளடா! கட்டை விரல் நோகுது எனக்கு!"

பிறகு சித்தப்பா குரல் உடைந்து, "அண்ணை, நான் நினைச்சன் நீங்கள் என்னைக் கைவிட்டிட்டியள் எண்டு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. லைன் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் இருந்ததில்லையே, என்ன கைராசி இந்த மனிதருக்கு என்று சொல்ல வேலியடிக்கு ஓடினேன். அங்கே கேக்குதோ அண்ணை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கம்பியின் ஒரு முனை இடக்கையில் இருந்தது. மறு முனை வலக்கையில் இருந்தது. அவர் முறுக்கவேயில்லை. இரண்டு கிழவர்களும் காதில் றிசீவரை இறுக்கிக்கொண்டு, திறந்த ஜன்னலால் வேலிக்கு மேலால் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்!

"அண்ணை, முறுக்கேல்லையோ?" என்றேன் மெதுவாக.

"உஸ்! இப்ப கை வைச்சால் கதை அறுந்துபோம்."

வெயில் ஏறியது. முருங்கைப் பூ அவர் தலையில் விழுந்தது. வீட்டுக்குள் கதை மடைக்குப் போய், உரத்துக்கு வந்து, மயிலில் நின்றது. இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி அவரும் நின்றார். ஐயா "சரி வை, சோறு தின்னப்போறன்" என்று சொல்லி றிசீவரை மாட்டிய பிறகு, சும்மா கிடக்கும் கம்பியில் கை வைக்காத அந்த மனிதர், என்னிடம் ஒரு முனையைத் தந்து, "பிடியும்" என்று சொல்லி, முதல்தடவையாகச் சத்தமில்லாத லைனை முறுக்கினார். ஐயாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றார். நான் இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் சித்தப்பா மகனிடம் போனில் சொன்னது எங்கள் குசினிவரை கேட்டது. "இஞ்சை லைன் சரிவந்திட்டுது தம்பி. நான் வரேல்லை."

இப்போது இன்டர்கொம் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு பேரும் தினமும் கதைக்கிறார்கள், சத்தியமும் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மழையும் விட்டதும் நான் நெளுக்குளத்துக்கு ஒரு போன் எடுக்கிறேன். மறுபக்கத்தில் அந்தக் குரல், "கேக்குதோ?" என்கிறது. பக்கத்தில் நின்று கேட்பதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.

"கேக்கேல்லை அண்ணை" என்கிறேன். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."