அடுப்பை யாரும் தொடாதீங்க

"மீட்டர் நகர்ந்தாத்தான் கடப்பாரை நகரும் சார்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

நூலகருக்குத் தலை சுற்றியது. காலை உடைத்துக்கொண்ட மாமனார் மருத்துவமனையிலிருந்து வரப்போகிறார். மாடிப்படி ஏற முடியாது. அவருக்காகக் கீழே ஓர் அறையை இழுத்துக் கட்டலாம் என்றால், கதவு வர வேண்டிய இடத்திலேயே கேஸ் மீட்டர் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"கதவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே?"

"வைக்கலாம். அப்புறம் உங்க மாமனார் குளியலறை வழியாத்தான் வரணும், போகணும்."

கேஸ் அலுவலகத்துக்கு ஓடினார்.

"புதுச் சுவர் எங்க சார்? மீட்டரைக் காத்துலயா மாட்டறது?"

மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, அறை வேலைக்கு முன்பே வெளிச்சுவரை மட்டும் எழுப்ப வைத்தார். கேஸ்காரர் வந்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பூச்சு ஈரமா இருக்கு. இப்போ கழட்டிடறேன், ஒன்பது நாள் கழிச்சு மாட்டறேன். உங்க மீட்டர்தானே? கையெழுத்துப் போடுங்க."

"பின்னே? என் சுவர்ல அடுத்தவன் மீட்டரா தொங்கும்?"

"குழாயை அடைச்சாச்சு. நான் வர்ற வரைக்கும் அடுப்பை யாரும் தொடாதீங்க."

மனைவி அடுப்பின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தினாள். அன்று மாலையே மருத்துவமனையிலிருந்து மாமனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில், சிமென்ட் தூசிக்கு நடுவே கட்டில் போட்டார்கள்.

"அப்பாகிட்ட இந்தக் கூத்தையெல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க. டாக்டர் டீயை நிறுத்தினதுலயே மனுஷன் நொந்து போயிருக்கார்" என்றாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்தார். ஒரே வீட்டை நடுவில் தடுத்து இரண்டாக்கி விற்றிருந்தார்கள். அவர் இருமினால் இங்கே கேட்கும்.

"உங்க வேலையால எங்க வீட்லயும் கேஸ் நின்னுபோச்சு! நாலு பேர் பட்டினி!"

நூலகருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "ஒரே லைன் போல. மன்னிச்சுக்கங்க" என்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கடைச் சாப்பாட்டைச் சுமந்தார். வேலைக்குப் போகும் முன் ஒரு நடை, வந்த பின் ஒரு நடை. வயிறு கெட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் தெளிவாக இருந்தவர் மாமனார் ஒருவர்தான்.

ஒன்பதாம் நாள், நூலகர் பாதி வேலையில் ஓடி வந்து பக்கத்தில் நிற்க, கேஸ்காரர் மீட்டரை மாட்டித் திருகினார். மறு நிமிடமே தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது.

"வந்துடுச்சு! எங்க வீட்ல வந்துடுச்சு!"

நூலகருக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறைக்குப் போய்த் துண்டை எடுத்தார். துண்டு லேசாகச் சுட்டது.

பின்னால் ஊன்றுகோல் தட்டியது. மாமனார் அவர் காதருகே குனிந்தார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்ளே. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் தினமும் இந்த அடுப்புலதான் டீ போட்டுக் குடிச்சேன்."